டப்பா நிறையச் சிவப்பு

கதவைத் தட்டியவள், யார் என்று கேட்பதற்குள் உள்ளே வந்துவிட்டாள். வந்ததும் தானே கதவைச் சாத்தினாள். கையில் துண்டு சுற்றிய ஒரு பொட்டலம். பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தாங்கியிருந்தாள். துண்டின் அடிப்பக்கம் சிவப்பாக நனைந்திருந்தது.

வேட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “மச்சான், ரத்தம்.”

“ரத்தம் இல்லை,” என்றாள் அவள். “ரத்தமா இருந்தா எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.”

ஆமை எழுந்திருக்கவில்லை. எதற்கும் சட்டென்று எழுந்திருக்காத மனுஷர் என்பதால்தான் அந்தப் பெயர். எரிந்த கடையையும் கவிழ்ந்த லாரியையும் போய்ப் பார்த்து, தானாக எரிந்ததா, எவனாவது எரித்தானா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவர் உத்தியோகமாக இருந்தது. பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போனவர்; ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகம் என்றால் ஜனம் அவரைத்தான் தேடி வந்தது. வேட்டு அவர் மனைவியின் தம்பி. பற்றவைக்கும் முன்பே வெடிப்பவன். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளிக்கும் அந்த அம்மாளுக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

“உக்காருங்க. அதை மேசை மேல வைங்க,” என்றார்.

துண்டைப் பிரித்தாள். உள்ளே ஒரு கண்ணாடி டப்பா. மூடியைத் திருகியதும் விளிம்பில் நின்ற சிவப்பு வழிந்து மேசையில் ஓடியது.

“வழியெல்லாம் இப்படித்தான் சிந்திக்கிட்டே வந்துச்சு,” என்று துண்டால் துடைத்தாள். “முகத்துக்குப் பூசுற ஜெல் இது. மங்கின நிறத்தைத் தெளிய வைக்கிறது. நான் சொந்தமா பட்டறை வச்சு செய்யறேன். கண்ணாடி மாதிரி இருக்கணும். விரலால எடுத்தா விரல்லயே நிக்கணும். எங்க அக்கா ஒரு வாரமா காலையிலயும் ராத்திரியும் இந்த டப்பாவிலேருந்துதான் பூசிக்கிட்டு இருந்தா. நேத்துக் காலையில திறந்தா இப்படி.”

“அக்கா முகம் எப்படி இருக்கு?”

“டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். ஆனா நேத்துலேருந்து ஒரு வாய் சாப்பிடலை. ரூமை விட்டு வெளிய வரலை. கதவைத் தட்டினாலே நடுங்குறா.”

“இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். அதான் பயமே. இதுல கோஜிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு. இரும்பைக் கண்டா அது சிவந்துடும். அதனால இரும்பை நான் ஜெல் பக்கமே விடறதில்லை. காய்ச்சி வடிச்ச தண்ணி, கண்ணாடிப் பாத்திரம், பிளாஸ்டிக் கரண்டி. தப்பித் தவறி துளி வந்தாலும் அதைப் பிடிச்சுக் கட்டிப்போட இடிடிஏன்னு ஒரு உப்பு சேர்த்திருக்கேன். வாசல்ல நிறுத்தின காவல்காரன் மாதிரி. அந்தக் காவல்காரனையும் மீறி இவ்வளவு சிவக்கணும்னா, யாரோ வேணும்னே அள்ளிப் போட்டிருக்காங்க. இதே சட்டியில செஞ்ச மத்த டப்பா எல்லாம் பட்டறையில பளிங்கு மாதிரி இருக்கு. அக்கா ரூமுக்குப் போனது மட்டும்தான் சிவந்திருக்கு.”

“இரும்பு விஷமில்லையே?”

“விஷமில்லை. ஆனா அக்கா முகத்துக்குப் போறதுல கை வச்ச ஆள் ஒருத்தர் எங்க வீட்டுக்குள்ள இருக்காங்க. இன்னிக்கு இரும்பு. நாளைக்கு ஆசிடா இருந்தா?” அவள் குரல் இறங்கியது. “எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடுறவங்க. இப்ப யாரைப் பார்த்தாலும் இவங்களோ, அவங்களோன்னு தோணுது. காலையில எனக்கு டீ கொடுத்தாங்க. அதைச் செடியில ஊத்திட்டேன்.”

ஆமை கைக்குட்டையை ஒரு கிண்ணத்தின் மேல் விரித்து, டப்பாவைச் சாய்த்தார். சிவப்புத் தண்ணீர் ஒழுகி இறங்கியது. துணியில் மாவுபோல வெள்ளைத் தூள் தங்கியது. அதன் நடுவே வெங்காயச் சருகு மாதிரி கருஞ்சிவப்பில் ஒரு துணுக்கு.

“ஜெல்லுன்னு சொன்னீங்க. இது கஞ்சியை விடத் தண்ணியா ஓடுதே.”

“கார்போமர்னு ஒரு பொடிதான் இதைக் கெட்டியா நிறுத்துது. உப்பு பட்டா அது துவண்டுடும். கரையற இரும்பு உப்பு எதையோ போட்டிருக்காங்க.”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது சிவந்திருக்கா?”

“ஒரு தடவை. அக்காவோட ஹேர்பின் உள்ள விழுந்து கிடந்துச்சு. பின்னைச் சுத்தி நூல் மாதிரி சிவப்பு. மத்தபடி ஜெல் கெட்டியாத்தான் இருந்துச்சு. எல்லாரும் சாப்பிட உக்காந்திருந்தப்ப அந்த டப்பாவைக் காட்டி, இரும்பு பட்டா இப்படித்தான் ஆகும்னு நான்தான் விளக்கம் சொன்னேன். வித்தையை நானே கத்துக் கொடுத்திருக்கேன்.”

“எல்லாரும்னா யார் யார்?”

“அக்கா, அத்தான், எங்க பட்டறையில ஜெல் கலக்குற கரண்டியம்மா, விற்பனை பார்க்குற ஏஜென்ட். அவ்வளவுதான். ஏஜென்ட் கரண்டியம்மாதான்னு அடிச்சுச் சொல்றார். சாயங்காலம் போலீஸ்ல ஒப்படைக்கணுமாம். அந்தம்மாதானான்னு எனக்குத் தெரியலை. இல்லைன்னும் சொல்ல முடியலை. அதுக்குள்ள நீங்க வந்து பாருங்க.”

வேட்டு சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். “ஏஜென்ட்தான் மச்சான். முந்திக்கிட்டு அடுத்தவனைக் காட்டுறவன் எவனோ, அவன்தான்.”

“அப்ப இப்ப நீ காட்டுறியே, மாப்ளே. உன்னையும் பிடிச்சுடலாமா?” என்று ஆமை கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அவள் இடத்தில் கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறைக்கு வாசனை என்று ஒன்றுமில்லை. கழுவின கண்ணாடியின் வாடை மட்டும். ஜன்னல் திட்டில் வெயிலைப் பார்த்துச் சில டப்பாக்கள். ஐஸ் பெட்டிக்குள் சில. வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு முங்கியபடி சில. எல்லாம் தெளிவாக, கெட்டியாக இருந்தன.

“ஜெல்லை இந்தப் பாடு படுத்துறீங்களே,” என்றான் வேட்டு. “வாய் இருந்தா அழுதிடும்.”

“கடைக்குப் போற வழியில வெயில், குளிர் எல்லாம் பார்க்கும். பிரிஞ்சு போகாம நிக்குதான்னு இப்பவே பார்த்துடணும்.” தொழிலைப் பேசும்போது அவள் குரலில் பயமே இல்லை. “முதல்ல வைட்டமின் சி போட்டேன். அதுக்கு நல்ல புளிப்பு வேணும். அந்தப் புளிப்புல கார்போமர் கெட்டியாகாது, நிறத்தைத் தெளிய வைக்கிற நியாசினமைடும் நிம்மதியா இருக்காது. போதாததுக்குக் கொஞ்ச நாள்ல மஞ்சளாப் போச்சு. மாமியாரும் நல்லவங்க, மருமகளும் நல்லவ, ஆனா அடுப்பு ஒண்ணு. அந்தக் கதைதான். அதனால சியை வெளிய அனுப்பிட்டேன். நியாசினமைடு, அதே வேலை பார்க்கிற ஆர்புட்டின், கோஜிக். இது மூணும் லேசான புளிப்புல சண்டை போடாம குடித்தனம் பண்ணுது.”

“பலன் தெரியுதா?”

“என் கையில பூசிப் பார்த்தேன், தெளிஞ்சுது. கரண்டியம்மா கையிலயும் தெளிஞ்சுது. அக்கா முகத்துல மட்டும் ஒண்ணுமே இல்லை. சேர்மானம்தான் தப்போன்னு அளவை மாத்தி மாத்திச் செஞ்சுட்டேன். எதைச் செஞ்சாலும் அக்கா முகம் அப்படியேதான் இருக்கு.”

ஆமை எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பலகை, இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்தது. இடது பாதியில் ஒரு பெண்ணின் முகம். இருட்டில் நிறுத்தி எடுத்ததுபோல, கருமைக்கு மேல் கருமை. எங்கே நகர்ந்தாலும் அந்தக் கண் கூடவே வந்தது. முகத்துக்குக் கீழே ‘முன்’ என்று பட்டையாக எழுத்து. வலது பாதியில் ‘பின்’ என்ற எழுத்து மட்டும். அதற்கு மேல் வெறும் வெள்ளை. ஒரு மனுஷியைப் பாதியாக அறுத்து மாட்டியதுபோல் இருந்தது.

“நம்ம பலகை எப்படி?” என்று கேட்டுக்கொண்டே ஏஜென்ட் வந்தான். நறுவிசாக உடுத்தியவன், சிரித்தால் கடைவாய்ப் பல் வரை தெரியும். “முந்தாநாள்தான் வந்துச்சு. இதே படத்தை ஊர் பூரா சுவர்ல ஒட்டப்போறோம். அடிக்கச் சொல்லியாச்சு.”

“முகத்துல மாத்தம் தெரியலையாமே. வலது பாதிக்கு என்ன பண்ணுவீங்க?”

“அதெல்லாம் லைட்டு சார். வெளிச்சத்தைத் தூக்கி வச்சு எடுத்தா கரியும் கற்பூரம். பலகை வந்த அன்னிக்கே இவங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன், தெளியலைன்னு கவலைப்படாதீங்க, நாங்க தெளிய வச்சுக்கறோம்னு. இப்ப இந்தக் கலக்குறவ பண்ணின வேலையில எல்லாம் நிக்குது. போட்டிக் கம்பெனிக்காரன் எவன்கிட்டயோ கை நீட்டியிருப்பா.”

கரண்டியம்மா மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

“ஏம்மா கையை மறைக்கிறீங்க?” என்றார் ஆமை.

“நான் எதையும் தொடமாட்டேன்யா. தொட்டா ரேகை விழும், ரேகை விழுந்தா நான்தான்னுவாங்க.” அவள் உதடு காய்ந்திருந்தது. “டப்பாவை மேல கொண்டுபோய் வச்சது நான்தான். ஒரு வாரம் முன்னாடி, சீல் கூடப் பிரிக்காம. அதுக்கப்புறம் தூத்துப் பெருக்க அந்த ரூமுக்குப் போனேன். போனது குத்தம்னா குத்தம்தான்.”

“சண்டை ஏதாவது?”

“எப்பவோ ஒருநாள் எவர்சில்வர் கரண்டியை எடுத்துட்டு வந்து கலக்கப் போனேன். இந்தச் சின்னப் பாப்பா கத்தித் தீர்த்துடுச்சு. அன்னிலேருந்துதான் இந்தப் பேரு. அதுக்காக விஷம் வைப்பாங்களா? பொண்ணு சிவக்கணும்னு செஞ்சீங்க, ஜெல்லு சிவந்துடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டான். “பாருங்க, நக்கல் வேற.”

“பயத்துல பேசுறாங்க,” என்றார் ஆமை.

மாடிப்படியில் அக்காவின் புருஷன் உட்கார்ந்திருந்தான். வெல்டர். கையிலும் சட்டையிலும் இரும்புத் தூள். வேட்டு ஆமையின் விலாவில் இடித்தான். இடித்ததை வெல்டரும் பார்த்துவிட்டான்.

“தெரியுது. என் உடம்பு பூரா இரும்புதான்,” என்றான். “அந்தப் பலகைக்குச் சட்டம் அடிச்சதும் நான்தான். நான்தான் போட்டேன்னு எழுதிக்கணுமா, எழுதிக்கங்க. அவ ஒரு வாய் சாப்பிட்டா எனக்குப் போதும். ஏற்கனவே ரத்தம் இல்லாத உடம்பு. இப்பத்தான் புது மாத்திரை அட்டை வாங்கிக் கொடுத்தேன்.”

அக்காவின் அறையில் திரை இழுத்துவிட்டிருந்தது. கட்டிலின் ஓரத்தில், சுவரோடு ஒட்டி, போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தில் பார்த்த கண்தான். ஆனால் படத்தில் இருந்த அவ்வளவு கருமை இல்லை. மாநிறத்துக்குக் கொஞ்சம் கீழே, நல்ல களையான முகம்.

ஆமை கண்ணை மட்டும் நகர்த்தி மேசையைப் பார்த்தார். சீப்பு. பவுடர் டப்பா. மூடி இல்லாத தலை எண்ணெய்ப் பாட்டில். கழுவித் துடைத்து நேராக வைத்த பிளாஸ்டிக் கரண்டி. கருஞ்சிவப்பு மாத்திரை அட்டை ஒன்று, பாதிக்கு மேல் குழி காலி. பிறகு அவளைப் பார்த்தார். தலை அழுந்த வாரியிருந்தது. புதிதாகத் தேய்த்த எண்ணெய், வகிட்டில் மினுங்கியது.

“ரொம்பப் பயமா இருக்காம்மா?”

அவள் தலையசைத்தாள். பல் கிட்டியிருந்தது. நடிப்பில்லை. நடிப்பைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு.

“யாரைக் கண்டு?”

அவள் போர்வையை இன்னும் இழுத்துக்கொண்டு கேட்டாள். “போலீஸ் வருமா?”

“சாயங்காலம் வருமாம். கரண்டியம்மாவைக் கூட்டிட்டுப் போக.”

போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

“எல்லாரும் கீழ பட்டறையில உக்காரப்போறோம். நீங்களும் வந்தா நல்லது,” என்று சொல்லிவிட்டு ஆமை படியிறங்கினார்.

வேட்டு பின்னாலேயே வந்தான். “மச்சான், வெல்டர்தானே?”

“இரும்புத் தூளைப் போட்டா அடியில கறுப்பா தங்கும். கைக்குட்டையில என்ன தங்குச்சு?”

“வெள்ளை.”

“அதோட நிறுத்து.”

பட்டறை மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரும் யாருடைய தோளையும் இடிக்காமல் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்ட நாற்காலிகள். கடைசியாக அக்கா வந்தாள், போர்வையால் முகத்தை மூடியபடி, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு. காலியாக இருந்த இரண்டு நாற்காலியில், பலகைக்கு முதுகு காட்டிய நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தாள்.

ஆமை சிவப்பு டப்பாவை நடுவில் வைத்தார்.

“முதல்ல, இதுல என்ன போட்டாங்க. துரு இல்லை, இரும்புத் தூள் இல்லை. அது ரெண்டும் சீக்கிரம் கரையாது, ஜெல்லையும் இப்படித் துவள வைக்காது. கரையற இரும்பு உப்புன்னு தங்கச்சியே சொல்லிட்டாங்க. கூடவே வெள்ளை மாவு, கருஞ்சிவப்புத் தோல். மாத்திரையைப் பொடிச்சா மாவு வரும். மாத்திரை மேல பூசியிருக்கிறது தோலா உரியும். ரத்தம் ஊறச் சாப்பிடுற இரும்பு மாத்திரை. புது அட்டை, அதுக்குள்ள பாதி காலி.”

வெல்டர் நிமிர்ந்தான். “எங்க ரூம்ல இருக்குற மாத்திரையா?”

“ஆமா. அதனால உங்க மேல எனக்குச் சந்தேகம் குறைஞ்சுது. வெல்டிங் பட்டறை பூரா இரும்பு வச்சிருக்கிறவன் பொண்டாட்டி மாத்திரையை எதுக்குப் பொடிக்கணும்?”

“அப்ப ரூமுக்குள்ள போய் வந்தவதான்,” என்று ஏஜென்ட் கரண்டியம்மாவைப் பார்த்தான். அவள் முக்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

“இருங்க. இந்த டப்பாவை எங்கிட்ட கொண்டுவந்தப்ப வழியெல்லாம் சிந்துச்சு. சிந்தினதுக்கு அப்புறமும் மூடியைத் திறந்தா விளிம்புல நின்னுச்சு. என் மேசையிலயும் வழிஞ்சுது.” ஆமை தங்கச்சி பக்கம் திரும்பினார். “ஒரு வாரமா, காலையிலயும் ராத்திரியும் பூசின டப்பா. நாலு மாத்திரைப் பொடி போட்டா எவ்வளவு உயரும்? அது எப்படிம்மா விளிம்பு வரைக்கும் இருக்கும்?”

தங்கச்சி டப்பாவையே பார்த்தாள். விளிம்பை விரலால் தொட்டாள்.

“நீங்க கெட்டிக்காரி. ஆனா திறந்ததும் நிறத்தைப் பார்த்துப் பயந்தீங்க, அளவைப் பார்க்கலை. இந்த வீட்டுல எல்லாருக்கும் நிறம்தான் முதல்ல கண்ணுல படுது. உங்க கையில தெளியுது, கரண்டியம்மா கையில தெளியுது, அக்கா முகத்துல மட்டும் தெளியலை. சேர்மானத்துல குத்தம்னு நினைச்சு மாத்தி மாத்திச் செஞ்சீங்க. வெயில்ல வச்சீங்க, ஐஸ்ல வச்சீங்க, வெந்நீர்ல முக்குனீங்க. பூசிக்கிறவங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்கலை.”

“அக்கா பூசவே இல்லையா?” அவள் அக்கா பக்கம் திரும்பினாள்.

ஆமை மாடிப் பக்கம் கை காட்டினார். “இன்னொண்ணு. வீட்டுல எவனோ விஷம் வைக்கிறான்னு நினைக்கிறவங்க என்ன செய்வாங்க? நீங்க டீயைச் செடியில ஊத்தினீங்க. மேல ரூம்ல, அந்த டப்பா இருந்த அதே மேசையில, மூடி இல்லாத எண்ணெய் பாட்டில். எவனும் எதையும் ஊத்தலாம். அந்த எண்ணெயை இன்னிக்குக் காலையில எடுத்துத் தலையில தேய்ச்சிருக்காங்க. விஷத்துக்குப் பயப்படுற ஆள் இல்லை அது. ஆனா பயம் இருக்கு. அந்த நடுக்கம் நூத்துக்கு நூறு நிஜம். அப்ப எதைக் கண்டு?”

ஆமை டப்பாவின் மூடியைத் திருகி மூடினார்.

“சாப்பிடாததுக்குக் காரணம் எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். தன்னால ஒருத்தங்க போலீசுக்குப் போகப்போறாங்கன்னா சோறு இறங்காது. மீதியை நான் சொல்ல மாட்டேன். அது என் வாயால வர்ற விஷயம் இல்லை.”

அக்கா போர்வையை முகத்திலிருந்து இறக்கினாள். பேச ஆரம்பித்தபோது யாரையும் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்தே பேசினாள்.

“நான் ஒரு நாள்கூட பூசலை. வாரக் கடைசியில மொத்தத்தையும் வாஷ்பேசின்ல கொட்டிட்டு, காலி டப்பாவைக் கொடுத்துடுவேன். பூசினா தெளிஞ்சுடும். தெளிஞ்சா, இத்தனை நாள் இருந்த மூஞ்சி தப்பான மூஞ்சின்னு ஆயிடும். தெளியலைன்னா படம் எடுக்க மாட்டாங்க, தானா விட்டுடுவாங்கன்னு இருந்தேன்.” மூச்சு வாங்கினாள். “அப்புறம் பலகை வந்துச்சு. தெளியாட்டியும் பரவாயில்லை, லைட்டு வச்சுக்கறோம்னு ஏஜென்ட் சொன்னார். அன்னிக்கு ராத்திரி கண்ணை மூடினா சுவர் சுவரா என் மூஞ்சி. கீழ ‘முன்’னு எழுதி. கடைக்குப் போனாலும் பஸ்ஸுக்கு நின்னாலும் பின்னாலயே வருது. ஜெல்லே கெட்டுப்போச்சுன்னா நிறுத்திடுவாங்கன்னு தோணுச்சு. ஹேர்பின் விழுந்தது ஞாபகம் வந்துச்சு.”

“என்கிட்ட வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே, அக்கா.”

“எப்படிச் சொல்ல? சின்ன வயசுலேருந்து வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் உன்னைத் தூக்குவாங்க, என்னைத் தண்ணி கொண்டு வரச் சொல்லுவாங்க. நீ ஒருத்திதான் என்னை அப்படிப் பார்க்காதவ. நீ செஞ்ச மருந்து அது. எனக்குன்னு ஆசையா செஞ்சேன்னு சொன்ன. அதைக் கேட்டப்ப...” அவள் நிறுத்தினாள். “நீயும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

தங்கச்சி எழுந்து போய் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “இப்ப கேட்கறேன். உனக்கு இந்த ஜெல் வேணுமா?”

“வேண்டாம்.”

“சரி.”

ஏஜென்ட் கனைத்தான். “ரொம்ப வருத்தமான விஷயம்தான். ஆனா படம் அடிக்கக் கொடுத்தாச்சு. நாளைக்குக் காலையில ஒட்டுற ஆளுங்க...”

“நிறுத்துங்க,” என்றாள் தங்கச்சி, தரையிலிருந்தே. “ஜெல் விக்கும். வேணும்கிறவங்க வாங்கட்டும். எங்க அக்கா மூஞ்சி அதுல இருக்காது.”

“அது அவ்வளவு சுலபமா...”

வெல்டர் எழுந்தான். அவன் எழுந்த விதத்தைப் பார்த்து ஏஜென்ட் வாக்கியத்தை முடிக்காமல் விட்டான்.

“நான்தானே இந்தச் சட்டத்தை அடிச்சேன்,” என்றான் வெல்டர். “எதுக்குன்னு கேட்காமயே அடிச்சேன். நானே அறுக்கறேன். நீங்க போய் அடிக்கிற இடத்துல சொல்லிட்டு வாங்க. இல்லைன்னா நான் வந்து சொல்றேன்.”

ஏஜென்ட் போனான். வேகமாகவே போனான்.

அக்கா முக்காலியின் பக்கம் திரும்பினாள். கரண்டியம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. “உங்களைச் சொல்லுவாங்கன்னு நான் நினைக்கவே இல்லை. சொன்னப்புறம் வாயைத் திறக்கவும் முடியலை. எத்தனை தடவை படி வரைக்கும் வந்தேன்.”

கரண்டியம்மா முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். அவ்வளவு நேரம் இறுக்கி வைத்ததில் விரல் மடங்கியபடியே இருந்தது. “இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என்னைக் கூட்டிட்டுப் போய் நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணுன்னு படம் எடுத்திருப்பாங்க. உனக்கு ஒரு மூஞ்சிக்கே இந்தப் பாடு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மன்னிக்கறதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். இப்ப எனக்கே பசிக்குது. முதல்ல எந்திரிச்சு வந்து சாப்பிடு.”

சாப்பாடு பட்டறை மேசைக்கே வந்தது. தட்டை முன்னால் வைத்ததும் எல்லோர் கையும் ஒரு கணம் தயங்கியது. பயம் அப்படி உடனே போய்விடாது. அக்காதான் முதலில் எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு மற்றவர்கள்.

வெல்டர் வெட்டும் கருவியைக் கொண்டுவந்து சட்டத்தின் நாலு மூலையையும் அறுத்தான். பொறி தெறித்தது. பலகை முன்னுக்குச் சாய்ந்தபோது அவனும் வேட்டுவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தரையில் கிடத்தினார்கள். வெறும் வெள்ளையாக இருந்த பாதியை வெல்டர் பட்டென்று ஒடித்துத் தனியே எறிந்தான். மற்ற பாதியை என்ன செய்வது என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தான்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து குனிந்தாள். தன் முகத்தை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் அவள் அதுவரை பார்த்ததில்லை. ‘முன்’ என்று ஒட்டியிருந்த எழுத்தை நகத்தால் நெம்பினாள். ஒரு ஓரம் எழும்பியதும் முழுசாக உரிந்து வந்தது. அதைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

“இருட்டுல நிறுத்தி எடுத்துட்டான்,” என்றாள். “ஆனா கண்ணு நல்லா விழுந்திருக்கு.”

புருஷன் காதருகே குனிந்தான். “மேல கொண்டு போகட்டுமா?”

“கொண்டு போ. பார்த்து, ஓரம் இடிக்காம.”